ஒன்பதாவது கேசட்

அத்தியாயம் ஐந்து

எட்டு கேசட்டையும் நான்காவது முறையாகக் கேட்டு முடித்தபோது, பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். வழக்குதான் கொஞ்சமும் புரியவில்லை.

அண்ணி எதிர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து மெல்லச் சத்தத்தைக் குறைத்தேன். கண்ணைத் திறக்காமலே கூட்டச் சொன்னார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவிதான். காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடம், எரிந்த கடை தானாக எரிந்ததா அல்லது யாராவது எரித்தார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவர். அதை விட்டதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் பல் மருத்துவமனைக்கு மாடியில் இரண்டு அறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். ஃபிரிட்ஜ் விற்கிற வேலை போய் வீட்டில் குந்தியிருந்த என்னையும் கூட்டிக்கொண்டார். அதற்கு அண்ணன் காட்டிய ஒரே எதிர்ப்பு, என் மேஜையை அண்ணியின் மேஜைக்குப் பக்கத்தில் போடாதே என்பதுதான். கீழே பல் பிடுங்கும் சத்தம், மேலே என் பேச்சு, இரண்டுக்கும் நடுவில் அண்ணி எப்படியோ யோசித்துவிடுவார்.

விவகாரம் இதுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் 'ஈரக் குடைகள்' என்று ஓர் இசைக்குழு இருந்தது. பெயரைக் கேட்டாலே தும்மல் வரும், ஆனால் பாட்டு நன்றாகவே இருக்கிறது. நாட்டுப்பாடல் மெட்டுக்கு அடியில் ராக் தாளத்தை ஓடவிட்டு, சொந்த வரிகளைப் பாடினார்கள். மொத்தம் நான்கு பேர். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும் அக்கா, டிரம்ஸ் வாசிக்கும் அவருடைய தம்பி, ஒரு வயலின்காரர், ஒரு பேஸ் கிட்டார்காரர். ஆறு வருடம் சின்னச் சின்ன அரங்குகளில் வாசித்தார்கள். நாற்பது நாற்காலி நிறைந்தால் அன்றைக்கு அது மாநாடு. பிறகு கலைந்துபோனார்கள், யாரும் தேடவில்லை.

போன வருடம் ஒரு ரேடியோ மெக்கானிக் பழைய கேசட்டுகளைப் பெட்டியோடு எடைக்கு வாங்கியிருக்கிறார். அதில் எட்டு கேசட்டின் மேல் பென்சிலால் ஒன்றிலிருந்து எட்டு வரை எண் மட்டும் எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தால் ஈரக் குடைகளின் எட்டு மேடைக் கச்சேரிகள். மனிதர் மயங்கிப்போய் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டார். நாற்பது பேர் கேட்காத பாட்டை அறுபதாயிரம் பேர் கேட்டார்கள். இப்போது ஒரு இசை நிறுவனம் எட்டையும் சேர்த்து, கூடவே ஒரு சிறு புத்தகத்தையும் அச்சடித்து வெளியிடப் போகிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. கடைசிக் கச்சேரியில் டிரம்ஸ் கலைஞர் தாளம் தவறியதால் குழு உடைந்தது என்ற வரி. அந்த டிரம்ஸ் கலைஞர்தான் எங்கள் கட்சிக்காரர்.

மூன்று நாள் முன்பு வந்தார். காய்கறி பதப்படுத்தும் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. ஐம்பதை நெருங்கும் வயது. விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்து சில வருடமாகிறதாம், பேனாவை வாங்கியதும் அது கையில் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். இன்டர்நெட்டில் தன் வாசிப்பைக் கேட்டீர்களா என்று நான் விசாரித்தேன். கேட்டேன், நல்லா இருந்தது, யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது என்றார். 

கடைசிக் கச்சேரியைப் பற்றி அண்ணி தோண்டித் தோண்டிக் கேட்டார். அந்த வருடம் மொத்தம் ஒன்பது கச்சேரி. ஒன்பதாவதற்குப் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் கேட்க வந்திருந்தார், பிடித்தால் ஒப்பந்தம். ஆனால் அவருக்கு நேரமில்லை, நாற்பது நிமிடத்துக்குள் முடியுங்கள் என்றுவிட்டார். அக்கா பாட்டு வரிசையில் ஒன்றை அடித்துவிட்டு, நடுவில் பேச்சு வேண்டாம், அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருக்கலாம் என்றாராம். அப்படியே போனார்கள். கடைசிப் பாட்டின் மூன்றாவது சரணத்தில் தாளம் உடைந்தது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் புரியாமல் போய், ஒருவழியாகச் சேர்ந்து முடித்தபோது கம்பெனிக்காரரின் நாற்காலி காலியாக இருந்தது.

"பின்பக்கப் படியில நின்னு அக்கா கேட்டா, யாருன்னு. யாரும் பேசல. நானாத்தான் இருக்கும்னு சொன்னேன். யாராவது ஒருத்தர் சொல்லணுமே."

அக்கா படியிறங்கிப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு அக்கா பேஸ்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார், தம்பிக்குப் பத்திரிகை வரவில்லை. கட்சிக்காரர் டிரம்ஸை விற்றுவிட்டார்.

"தப்பு என்னுதுன்னா அந்த வரியைப் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. இத்தனை நாள் எங்க நாலு பேருக்குள்ள இருந்தது, இனிமே அச்சுல வரப்போகுது. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

அச்சுக்குப் போக ஐந்து நாள்தான் பாக்கி. எட்டு கச்சேரியைப் பதிவு செய்த ஆசாமி ஒன்பதாவதை விட்டிருக்க மாட்டான், அவனைப் பிடித்தால் கேசட் கிடைக்கும் என்றார் அண்ணி. பதிவு நடந்ததே கட்சிக்காரருக்குத் தெரியாது. எடைக்கு விற்ற கடைக்காரருக்குப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று நினைவில்லை. ஆக, எங்களிடம் இருந்தது எட்டு கேசட்டும் எங்கள் காதும்தான்.

"யாரோ ஒரு தீவிர ரசிகன் அண்ணி. முதல் வரிசையில உக்காந்து மடியில ரெக்கார்டரை வெச்சிருக்கான்," என்றேன்.

"ரசிகன்னா கை தட்டமாட்டானா?"

"மடியில ரெக்கார்டர் இருக்கே, எப்படித் தட்டுவான்?"

"பக்கத்து நாற்காலிக்காரனாவது தட்டியிருப்பானே. கைதட்டல் எங்கேருந்து வருது, கேளு."

கேட்டேன். ஐந்தாவது முறை. கைதட்டல் (பதினைந்து பேர் இருப்பார்கள், பாவம்) தூரத்திலிருந்து வந்தது. அக்காவின் குரலோ முதுகுப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல் கொஞ்சம் மங்கலாக இருந்தது. பாடுகிறவரின் முதுகு தெரியும் இடம் மேடைதான். ரெக்கார்டர் ரசிகர்கள் பக்கம் இல்லவே இல்லை. என் தீவிர ரசிகன் பிறந்த ஐந்தாவது நிமிடமே செத்துப்போனான்.

அண்ணி தன் நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். எட்டு வரி, ஒவ்வொன்றிலும் ஒரு எண். இருபத்து நான்கு, இருபத்தாறு, இருபத்து மூன்று, இருபத்தேழு என்று போயிற்று. கேசட்டின் முதல் பக்கத்தில் எத்தனை நிமிடம் பதிவாகியிருக்கிறது என்ற கணக்கு. பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடக்கூடிய கேசட். ஒரு தடவைகூட முப்பது வரை ஓடவிடவில்லை.

"நீ பதிவு பண்ணினா எப்போ திருப்பிப் போடுவே?"

"தீர்ந்ததும்."

"இந்த ஆளு தீர்றதுக்கு முன்னாடியே திருப்பறாரு. எட்டு தடவையும் ஒரே பாட்டோட ஆரம்பத்துல. முதல் வரி போயிடுது, ரெண்டாவது வரியிலேருந்துதான் கேக்குது. எந்தப் பாட்டு?"

யோசிக்கத் தேவையில்லை, கனவில்கூட அது ஓடுகிறது. ஒரு பெண் துறைமுகத்தில் நின்று கப்பல்களை எண்ணுகிற பாட்டு. நான் அதைக் கப்பல் பாட்டு என்று சொல்லிவந்தேன். அதன் முதல் வரியை நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அதுல யார் யார் வாசிக்கறாங்க?"

அக்காவின் குரல், அக்காவின் கிட்டார், வயலின். வேறு சத்தமே கிடையாது. கொஞ்சம் தாமதமாகத்தான் என் மூளைக்கு எட்டியது. மேடையில் இருந்துகொண்டு பதிவு செய்கிற ஒருவருக்குக் கேசட்டைத் திருப்ப இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். கச்சேரி முழுவதும் அப்படிக் கை சும்மா இருந்தது அந்த ஒரு பாட்டில்தான். அதனால்தான் அது தொடங்கியதும் திருப்பியிருக்கிறார். அப்படியானால் அக்காவும் இல்லை, வயலின்காரரும் இல்லை.

"மிச்சம் ரெண்டு பேர். அதுல ஒருத்தர் நம்ம கட்சிக்காரர். அண்ணி, அவரே பதிவு பண்ணிட்டு அவரே நம்மளை ஏவியிருந்தா?"

"அப்படி இருந்தா உன்னை ஏன் ஏவணும், உருப்படியா வேற ஆளே கிடைக்காதா?" என்றபடி நான்காவது கேசட்டைப் போட்டார். கப்பல் பாட்டுக்கு முன்னால் அக்கா மைக்கில் பேசுவது கேட்டது. நம்ம டிரம்ஸ்காரர் வழக்கம்போலத் தண்ணி குடிக்க வெளியில போயிருக்காரு, அவர் வர்றதுக்குள்ள இதைப் பாடி முடிச்சிடறோம். உடனே டக் என்று ஒரு சத்தம், கேசட் திரும்பிவிட்டது.

தம்பி வெளியே இருக்கும்போது மேடையில் ஒரு கை கேசட்டைத் திருப்பியிருக்கிறது. மீதமிருக்கும் ஒரே ஆள் அக்காவின் புருஷன்தான். இதை எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். இரண்டாவது முறை கேட்கும்போதே என்றார் அண்ணி, செருப்பை மாட்டிக்கொண்டே. பிறகு எதற்கு எனக்கு ஐந்து முறை போட்டுக் காட்டினீர்கள் என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

*

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த சந்தில், மூன்றாவது வீடு. முன்னறை முழுக்கத் தையல் மிஷின்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய சீட்டு. பேஸ்காரர் இப்போது தையல் மிஷின் பழுது பார்க்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எந்த மாடல் என்று கேட்டார். எங்க மிஷின் தைக்காது, பேச மட்டும்தான் செய்யும் என்று அண்ணியைக் காட்ட வாயெடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. யாருக்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு நேராகக் கேட்டார். "எட்டு கேசட்டும் நீங்க பதிவு பண்ணினது. ஒன்பதாவது எங்கே?"

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. மடியில் இருந்த பாபினில் நூலைச் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பேஸ் ஆம்ப்ளிஃபையருக்கு மேலே, வியர்வை துடைக்கும் துண்டுக்கு அடியில் ரெக்கார்டரை வைத்திருப்பாராம். குழுவுக்காகச் செய்யவில்லை, அவளுடைய குரலுக்காகச் செய்தேன் என்றார். பதிவாகிறது என்று தெரிந்தால் அக்காவுக்குக் குரல் இறுகிவிடுமாம், அதனால்தான் அவர்களுடைய ஒரே ஆல்பமும் செத்துப்பிறந்ததாம். யாரிடமும் மூச்சு விடவில்லை, கல்யாணத்துக்குப் பிறகும் சொல்லவில்லை. எட்டும் பரணில் இருந்தன, போன வருடம் வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டன.

ஒன்பதாவது? அன்றைக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார்.

"எட்டு நாளும் தீரலையா?" என்றார் அண்ணி.

"எட்டு நாளும் புதுசு போட்டேன். அன்னைக்கு அவசரத்துல மறந்துட்டேன்."

பெரிய கம்பெனிக்காரர் வருகிற நாளில், அவளுடைய குரலுக்காகவே பதிவு செய்கிற மனிதர் பேட்டரி போட மறந்தார். ஃபிரிட்ஜ் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இதைவிட நல்ல புளுகுகளை நானே அவிழ்த்துவிட்டிருக்கிறேன். ஆனால் கேசட் இல்லையென்று சொல்பவரிடம் கேசட்டை எப்படி வாங்குவது? அண்ணி எழுந்திருக்கவில்லை. பாபினில் நூல் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேலை முடிந்து வருகிறார், மடித்த வெள்ளைக் கோட்டு கையில். நரைத்த முடியை ரப்பர் பேண்டில் முடிந்திருந்தார். எட்டு கேசட்டில் துறைமுகத்தையே உருக்கிய குரல், யார் நீங்க என்று மருந்துச் சீட்டைப் படிக்கும் குரலில் கேட்டது. அண்ணி சொன்னார். யார் அனுப்பினார்கள், புத்தகத்தில் என்ன வரப்போகிறது, ஒன்பதாவது கேசட் எதற்குத் தேவை, எல்லாம் சொன்னார். அக்கா நின்றபடியே முழுவதும் கேட்டார். கோட்டை ஒரு மிஷின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு கேசட். அதன் மேல் பென்சிலால் ஒன்பது என்று எழுதியிருந்தது.

பேஸ்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. அதெல்லாம் எடைக்குப் போயிருக்குமென்று நினைத்தேன் என்று முனகினார். எட்டை எடைக்குப் போட்டது நான்தான், இதை மட்டும் போடவில்லை என்றார் அக்கா. பரணில் கண்டுபிடித்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜன்னலோரத்தில் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. அண்ணி அனுமதி கேட்டுக் கேசட்டைப் போட்டார்.

அவசரமான கச்சேரி. ஒரு பாட்டு முடிந்த மூச்சிலேயே அடுத்தது. பேச்சில்லை, கைதட்டலுக்குக் காத்திருக்கவில்லை. கப்பல் பாட்டு வரவே இல்லை, அக்கா அடித்துவிட்ட பாட்டு அதுதான் போலும். அண்ணியின் பார்வை கைக்கடிகாரத்தை விட்டு நகரவில்லை. இருபத்தேழாவது நிமிடத்தில் கடைசிப் பாட்டு தொடங்கியது. முதல் சரணம், இரண்டாவது சரணம். டிரம்ஸ் சீராக, நிதானமாக வந்துகொண்டிருந்தது. மூன்றாவது சரணத்தின் முதல் வரி, பாதியில் டக். முப்பது நிமிடம் முடிந்து, பக்கம் தீர்ந்துவிட்டது.

திருப்பிப் போட்டார். இரண்டாவது பக்கம் தொடங்கும்போதே எல்லாம் சிதறியிருந்தது. கிட்டார் ஓரிடத்தில், வயலின் ஓரிடத்தில், டிரம்ஸ் அவர்களைத் தேடிக்கொண்டு. பேஸ் சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்து பேஸ் உள்ளே வந்தது, அதுவும் தப்பான இடத்தில். பிறகு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஒருவழியாக முடித்தார்கள். கடைசியில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் தூரத்தில் கேட்டது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தாளம் உடைந்த அந்த நேரம் மட்டும் கேசட்டில் இல்லை. முன்னால் இருக்கிறது, பின்னால் இருக்கிறது, நடுவில் கிடையாது. இதை வைத்துக்கொண்டு யார் தப்பு என்று எப்படிச் சொல்வது என்று அண்ணியிடம் கேட்டேன்.

"இல்லாததுதான் சாட்சி," என்றார் அண்ணி. பிறகு பேஸ்காரரிடம் திரும்பினார். "எட்டு நாளும் கப்பல் பாட்டுல திருப்பினீங்க. அன்னைக்கு அந்தப் பாட்டே கிடையாது. ஆனா கேசட் திரும்பியிருக்கு. திருப்பின ரெண்டு கையும் அப்போ பேஸ் மேல இல்ல."

பாபின் கீழே விழுந்து நூல் அறையெங்கும் ஓடியது. யாரும் எடுக்கவில்லை.

பேஸ்காரர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். நேரில் கேட்டபோது நீளமாகவும் கேட்கச் சங்கடமாகவும் இருந்தது. பாட்டு வரிசையில் அடித்தது அவருக்கும் தெரியும். ஆனால் கை பழகிவிட்டது. கப்பல் பாட்டு வரும், அப்போது திருப்பலாம் என்றே மனம் இருந்திருக்கிறது. கடைசிப் பாட்டு தொடங்கிய பிறகுதான் அது வராது என்று உறைத்தது. மூன்றாவது சரணத்தில் ரெக்கார்டர் நின்ற சத்தம் கேட்டது. அந்தப் பாட்டு அவள் அந்த வாரம்தான் எழுதியது, வேறெந்தக் கேசட்டிலும் இல்லை. எட்டுத் தாளத் தட்டுக்குள் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். மூடி சிக்கிக்கொண்டது, பதினாறு தட்டு ஆகிவிட்டது. தாளத்தின் பாதியைத் தாங்குவது பேஸ். அது திடீரென்று மறைந்ததும் தம்பி, நாம்தான் எங்கேயோ விட்டுவிட்டோம் என்று தேடியிருக்கிறான், அவனைப் பார்த்து மற்றவர்களும் தடுமாறியிருக்கிறார்கள்.

"படியில அவ யாருன்னு கேட்டப்போ சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன் சொல்லிட்டான். அவன் சொன்னதும் நான் வாயை மூடிக்கிட்டேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். கத்துவார், அல்லது அழுவார், ஒன்றுமில்லாவிட்டால் உட்காரவாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, ஓடிய நூலைப் பொறுக்கிச் சுருட்ட ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

அண்ணியை அசர வைக்க முடியாது என்று நான் பலரிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். அன்று அசந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

பதினோரு வருடமாக என்றார் அக்கா. பரணில் ஏதோ தேடும்போது கிடைத்ததாம், இவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் போட்டுக் கேட்டாராம். பாட்டு வரிசை எழுதியவர் அக்கா, கப்பல் பாட்டை அடித்தவரும் அவர்தான். நீங்க மூணு நாளா கண்டுபிடிச்சது எனக்கு ஒரு தடவை கேட்டதுமே புரிஞ்சுடுச்சு என்று அண்ணியிடம் சொன்னார். அதில் பெருமை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் திரும்பப் பரணில் வைத்துவிட்டாராம். பதினோரு வருடமாகக் கணவர் ஒன்றை மறைத்துக்கொண்டிருக்க, அது தெரியும் என்பதை மனைவி மறைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறார்கள். பேஸ்காரர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பிகிட்ட ஏன் சொல்லல?" என்றார் அண்ணி.

"அன்னைக்கே போன் பண்ணணும்னுதான் இருந்தேன். நாளைக்குப் பண்ணலாம்னு விட்டேன். ஒரு வாரம் ஆனதும், இந்த ஒரு வாரம் ஏன் சொல்லலன்னு கேப்பானேன்னு இருந்துச்சு. அப்புறம் ஒரு வருஷம் ஆச்சு. அப்புறம் பழகிப்போச்சு."

இதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் ஏதாவது அசட்டுத்தனமாகப் பேசி ஆளைச் சிரிக்கவைப்பதுதான் என் வேலை. எனக்கு அந்த அறையில் யார் மேலும் கோபம் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. 

அக்கா நூலைச் சுருட்டி முடித்து மிஷின் மேல் வைத்தார். அவன் எங்கே வேலை செய்யறான் என்று கேட்டார். பேஸ்காரர் எழுந்து, நானும் வரட்டுமா என்றார். வேண்டாம், முதல்ல நான் போறேன் என்றார் அக்கா.

*

குளிர்கிடங்கின் பின்வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. மதிய இடைவேளை. கட்சிக்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பினோம். தடித்த கோட்டும் கையுறையுமாக வெளியே வந்தார், புருவத்தில் பனித்துகள் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

இருபத்திரண்டு வருடம் கழித்துச் சந்திக்கும் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணி காரியத்தில் கண்ணானவர், முதலில் அறிக்கையைக் கொடுத்தார். "தப்பு உங்களுது இல்ல. கேசட் கிடைச்சுடுச்சு. அந்த இடம் வரைக்கும் நீங்க சரியாத்தான் வாசிச்சிருக்கீங்க."

அவர் தலையாட்டினார். அப்ப பேஸா என்று கேட்டார். இல்லையென்று யாரும் சொல்லவில்லை. பேஸ் காணாமல்போனது இப்போதுதான் ஞாபகம் வருகிறது, நம் காதுதான் அடைத்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன் என்றார். ஒப்பந்தம் போனதைப் பற்றியோ டிரம்ஸை விற்றதைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி, இன்றைக்கே நிறுவனத்துக்குப் போன் செய்கிறேன், அந்த வரிக்குப் பதிலாக உண்மையைப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டார். அடிச்சிட்டா போதும், இன்னொருத்தர் பேரு அதுல வேண்டாம் என்றார் அவர். நல்ல மனதோடு சொன்னாரா, அலுப்பில் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

அக்கா ஒரு அடி முன்னால் வந்தார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா."

"எப்போலேருந்து?"

"பதினோரு வருஷமா."

அதை அண்ணி அறிக்கையில் சேர்த்திருக்கவில்லை. அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் தம்பிக்குத் தெரியவே வந்திருக்காது. பேருந்தேறி எங்களோடு வந்த அக்கா, இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. தம்பி வலது கையுறையைக் கழற்றி, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"திட்டுடா," என்றார் அக்கா.

"திட்டணும்னுதான் பாக்கறேன். வரமாட்டேங்குது."

"கொஞ்சம் நேரம் எடுத்துக்கோ."

உள்ளே மணி அடித்தது. இடைவேளை முடிந்துவிட்டது, மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து உள்ளே போனார்கள். தம்பியும் கதவு வரை போனார். கனமான கதவு, தோளால் தள்ளித்தான் திறக்க வேண்டும். பாதி திறந்து, உள்ளிருந்து வெள்ளையாகக் காற்று வெளியே வர, திரும்பிப் பார்த்தார்.

"ஆறு மணிக்குத்தான் முடியும்."

"இருக்கேன்," என்றார் அக்கா.

கதவு மூடிக்கொண்டது. சுவரோரம் காலி மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அக்கா ஒன்றை இறக்கி, வெள்ளைக் கோட்டை அதன்மேல் விரித்து, கதவைப் பார்த்து உட்கார்ந்தார். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார், நாங்கள் லாரிகளுக்கு நடுவே நடந்தோம். தெருமுனை திரும்புவதற்கு முன் நான் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்றரைகூட ஆகவில்லை.